இரண்டாம் பக்கத்துக்கு ஞாபகம் கிடையாது

"எனக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல்லுங்க" என்றார் கவுன்டருக்கு வெளியே நின்றவர். சந்தேகம் இருந்தால் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயையும் திறந்து காட்டினார்.

கவுன்டர் அக்கா எண்ணவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அவர் நீட்டிய கடிதத்தைப் படித்தாள். 'அன்புடையீர், எங்கள் பஸ்ஸில் நீங்கள் தவறவிட்ட மேல்வரிசைப் பல்செட் பத்திரமாக இருக்கிறது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.' கவரின் மேல் இருந்த பெயரும் விலாசமும் சாட்சாத் அவருடையதுதான்.

"நீங்க தொலைச்சது என்னங்க?"

"குடை. கறுப்புக் குடை, மரப்பிடி. நாப்பது வருஷம் வாத்தியாரா இருந்து, தலைமையாசிரியரா ரிட்டயர் ஆனவன் நான். இந்தக் கடிதத்தை என் சம்சாரம் பிரிச்சுப் படிச்சுட்டு, 'இத்தனை வருஷமா எங்கிட்ட மறைச்சுட்டீங்களே'ன்னு கண்ணைக் கசக்கறா. நான் ஆப்பிளைக் கடிச்சுக் காட்டியும் நம்ப மாட்டேங்கறா."

அலமாரிகளுக்குப் பின்னால், ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த புதுசு நாற்காலியை இன்னும் மறைவாக நகர்த்திக்கொண்டாள். ஏனென்றால் அது, பொருளைத் தொலைத்தவர்கள் விவரம் எழுத அவள் கம்ப்யூட்டரில் செய்த ஃபார்மிலிருந்து போன கடிதம்.

புதுசு என்பது ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர். வயது என்னவோ முப்பத்தாறு. ஒரு காலத்தில் நல்ல கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராமராக இருந்தவள், மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். ஏழு வருஷம் கழித்து இந்த பஸ் கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் பிரிவில் நாற்காலி காலி இல்லை என்று அவளைத் தொலைந்த பொருள் பிரிவில், குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் பின்னால் கொண்டுவந்து போட்டார்கள். ஆறு மாதம் ஆகப்போகிறது. வருகிற சனிக்கிழமை மேனேஜர் நேரில் வந்து பார்ப்பார். ஃபார்ம் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கைகுலுக்கி வழியனுப்பிவிடுவார்.

வேலை போவதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்குள் இருந்தது. ஏழு வருஷத்தில் தொழில் கைவிட்டுப் போய்விட்டதோ என்பதுதான் அது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

அக்காவுக்கும் அந்தச் சனிக்கிழமை ஒரு கண்டம்தான். பதினெட்டு வருஷமாக அவள் காவல் காக்கும் இந்த அறையை மீட்டிங் ஹாலாக மாற்ற மேனேஜருக்கு ஆசை. போன மாதமே வந்து டேப்பை வைத்து அளந்துவிட்டுப் போனார். "கடிதம் போட்டாலும் ஒருத்தரும் வர்றதில்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு இடம்?" என்று கேட்டுவிட்டும் போனார். போன வருஷம் முழுக்க வந்து பொருளை வாங்கிப்போனவர்கள் பத்தொன்பது பேர். அலமாரியில் இருந்தவை ஆயிரத்துச் சொச்சம்.

"இந்தாங்க உங்க குடை" என்றாள் அக்கா.

தலைமையாசிரியர் குடையை வாங்கினார். அறைக்குள்ளேயே விரித்துப் பார்த்தார், மடக்கினார், பிடியை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். "பல்செட் பத்தி எழுத்துல ஒரு மறுப்பு குடுங்க. வீட்டுல காட்டணும்" என்று அதையும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

அன்று திங்கட்கிழமை. அவரையும் சேர்த்து ஏழு பேர் கடிதத்தோடு சண்டைக்கு வந்தார்கள்.

"ஏழு பேரும்மா" என்றாள் அக்கா சாயங்காலம், அதிசயத்தைக் கண்டவள் மாதிரி. "ஒரே நாள்ல ஏழு பேர்."

புதுசு தலையைக் குனிந்துகொண்டாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவன் கேட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விசில் ஊதாமல் பேசுவதே அவனுக்குக் கொஞ்சம் சிரமம்.

"குடைக்காரருக்கு எப்படிம்மா பல்செட் போகும்?"

"ஃபார்ம்ல மூணு பக்கம் இருக்குங்க. முதல் பக்கத்துல பேரும் விலாசமும். இரண்டாம் பக்கத்துல தொலைஞ்ச பொருள். மூணாவதுல எல்லாத்தையும் சரி பார்த்து அனுப்பணும்."

"சரி."

"வெப் பக்கத்துக்கு ஞாபகமே கிடையாது. 'அடுத்து'ன்னு பட்டனை அமுக்கினதும் முதல் பக்கம் போயிடும். இரண்டாம் பக்கம் வந்து நின்னு, 'நீங்க யாரு?'ன்னு கேக்கும்."

"எங்க பிரின்சிபால் மாதிரி."

"அதனால முதல் பக்கத்துல எழுதினதை எங்கயாவது பத்திரமா வெச்சிருந்து, இரண்டாம் பக்கத்துக்கும் மூணாம் பக்கத்துக்கும் எடுத்துக் குடுக்கணும். நான் சர்வர்ல ஒரு பெட்டி மாதிரி பண்ணி அதுல வெச்சேன். ரெண்டு பேர் ஒரே நேரத்துல வந்தா, ஒருத்தர் பேர் மேல இன்னொருத்தர் பேர் வந்து உக்காந்துக்குது."

"ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே பெட்டியா?"

"ஒரே பெட்டி."

"ஏம்மா?"

"சோதிச்சுப் பார்த்தப்ப நான் ஒருத்திதானே இருந்தேன்" என்றாள், குரல் கம்மிப்போய்.

ஏழு வயது மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எங்க கிளாஸ்ல ஆளுக்கு ஒரு பெட்டி குடுத்திருக்காங்கம்மா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் புதுசு ஆளுக்கு ஒரு பெட்டி செய்தாள். சைக்கிள் ஸ்டாண்டில் தருகிற டோக்கன் மாதிரி, ஃபார்மைத் திறக்கும் ஒவ்வொருவருடைய கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் போகும். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அந்த நம்பரைக் காட்டினால் அவரவர் பெட்டி மட்டும் திறக்கும். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். இதைச் செய்வதற்கு இத்தனை வருஷப் படிப்பு எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அக்கா, நீங்க ஒண்ணு தொலைச்ச மாதிரி எழுதுங்க. நானும் எழுதறேன். ரெண்டு பேரும் ஒண்ணா பட்டனை அமுக்கணும்."

அக்கா யோசித்து, யானை ஒன்று என்று எழுதினாள். புதுசு தேக்கரண்டி என்று எழுதினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்கினார்கள். அக்காவுக்கு யானையும் புதுசுக்குத் தேக்கரண்டியும் கிடைத்தன. பத்துத் தடவை செய்து பார்த்தார்கள். பத்துத் தடவையும் யானை வழி தவறவில்லை.

"சரியாயிடுச்சு அக்கா" என்றாள் புதுசு. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரலில் தெம்பு இருந்தது.

"அப்ப இனிமே எல்லாக் கடிதமும் சரியாத்தான் போகுமா?"

"எல்லாமே."

"சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டு, அக்கா பதிவேட்டைத் திறந்து அன்றைய கையெழுத்துகளை விரல் வைத்து எண்ணினாள். அன்றும் திங்கட்கிழமைக் கடிதங்களால் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கடைசி ஆள் அப்போதுதான் தன் டிபன் பாக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனான்.

நாலரை மணிக்குப் புதுசு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகளின் பள்ளிக்கூடம் விடும் நேரம். ஐந்து மணிக்குத்தான் பிரிண்டர்கள் ஓடும். ஒன்று முதல் பக்கத்துப் பெயர்களைக் கவரில் அடிக்கும். இன்னொன்று இரண்டாம் பக்கத்துப் பொருள்களைக் கடிதத்தில் அடிக்கும். பழைய பதிவேட்டில் இருந்தவர்கள் உட்பட, பொருளை வாங்க வராதவர்களுக்கு அவ்வப்போது மறுபடியும் ஒரு கடிதம் போகும். அக்கா கடிதங்களைக் கவரில் போட்டு ஒட்டி, ராத்திரி பஸ்களின் கண்டக்டர்களிடம் கொடுப்பாள். காலையில் வீட்டுக்குப் போய்ச் சேரும். போனில் செய்தி அனுப்பினால் போதாதா என்று புதுசு ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "பாதிப் பேர் தொலைச்சதே போனைத்தாம்மா" என்று அக்கா சொன்ன பிறகு கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவள் ஆபீஸுக்கு வந்தபோது கவுன்டரில் வரிசை நின்றிருந்தது.

வயலின் படிக்கும் பெண்ணுக்கு ஊன்றுகோல் கிடைத்திருப்பதாகக் கடிதம். ஊன்றுகோல் பெரியவருக்கு ஹைஹீல்ஸ் செருப்பு, இடது கால் மட்டும். ஹைஹீல்ஸ் அம்மாவுக்கு வயலின். "அதையாவது குடுங்க, கத்துக்கறேன்" என்று அந்த அம்மா அடம்பிடித்தாள்.

மொத்தம் இருபத்து மூன்று பேர். புதுசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிப்போய் சர்வரைப் பார்த்தாள். அங்கே வயலினுக்கு நேராக வயலின் பெண்ணின் பெயர்தான் இருந்தது. தன் பெயரில் ஒரு தேக்கரண்டியை மறுபடி தொலைத்து, அங்கேயே பிரிண்ட் எடுத்துப் பார்த்தாள். தேக்கரண்டி ஒழுங்காக வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் ஆட்டம் போடுகிறது.

"டோக்கனை நம்பக் கூடாதுக்கா" என்றாள். "சில பேர் கம்ப்யூட்டர்ல டோக்கன் நடுவழியில தொலைஞ்சுபோகுதோ என்னவோ. முதல் பக்கத்து விவரத்தை இரண்டாம் பக்கத்துக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சு அனுப்பிடறேன்."

"பண்ணும்மா, பண்ணு" என்றாள் அக்கா. "முதல்ல இந்த டீயைக் குடி."

அக்கா யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அந்த ஆபீஸ் பார்த்ததில்லை. பாவம் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, புதுசு டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணவன் கதவருகிலேயே நின்றிருந்தான். கையில் கவர்.

"ஸ்கூல் விலாசத்துக்கு வந்துச்சு. ஸ்டாஃப் ரூம்ல வெச்சுப் பிரிச்சாங்க. சத்தமா வேற படிச்சாங்க."

புதுசு வாங்கிப் பார்த்தாள். 'அன்புடையீர், எங்கள் பஸ்ஸில் நீங்கள் தவறவிட்ட சுருள்முடி டோப்பா ஒன்று பத்திரமாக இருக்கிறது.'

கணவனுக்கு முன்னந்தலையில் கொஞ்சம் வெளிச்சம் விழ ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பதை அவன் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருபவன்.

"மத்தியானத்துலேருந்து எல்லாரும் என் தலையையே பாக்கறாங்க. டிராயிங் டீச்சர் லேசா இழுத்தே பாத்துட்டாரு."

"அப்பா, இது நிஜ முடிதானா?" என்றாள் மகள்.

"நான் தொலைச்சது பை. விசில், ஸ்டாப்வாட்ச், பந்துக்குக் காத்தடிக்கிற பம்ப் எல்லாம் அதுலதான் இருக்கு. மூணு மாசத்துக்கு முன்னாடியே 'உங்க பை இருக்கு'ன்னு ஒழுங்காக் கடிதம் வந்துச்சு. நீ திட்டுவியேன்னு உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். நாளைக்கு முதல் வேலையா உங்க ஆபீஸுக்கு வந்து நாலு வார்த்தை கேக்கத்தான் போறேன்."

"எங்க ஆபீஸுன்னா, என்னைத்தாங்க கேக்கணும்."

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் இறங்கிவிட்டது. "சரி, உங்க அக்காவைக் கேட்டுக்கறேன்" என்றான்.

வியாழக்கிழமை முப்பத்தோரு பேர். கணவன் பதினாலாவது ஆளாக வரிசையில் நின்று, நாலு வார்த்தை கேட்டு, பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். பழைய விசிலைப் பார்த்ததும் கோபம் பறந்தது. ஒரு தடவை ஊதிப் பார்த்தான். வரிசை தானாக நேரானது.

புதுசு அதற்குள் அடுத்த வைத்தியத்தில் இறங்கியிருந்தாள். ஒளித்து வைத்தால்தானே குழப்பம், வெளிப்படையாகவே அனுப்பிவிடலாம் என்று, முதல் பக்கத்து விவரம் முழுவதையும் திரையின் மேலே தெரியும் வெப் முகவரியிலேயே சேர்த்து இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பினாள். பெயர், தெரு, வீட்டு நம்பர் என்று முகவரி ரயில் பெட்டி நீளத்துக்குப் போனது. இனி எது எங்கே தொலைந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. யாரோ ஒருவர் மூக்குக்கண்ணாடி தொலைத்தவர், ரொம்ப உபயோகமான ஃபார்ம் என்று அந்த வெப் முகவரியை அப்படியே எடுத்து, தன் குடும்பத்தாருக்கெல்லாம் அனுப்பி வைத்தார். மச்சான், சித்தப்பா, ஓர்ப்படி, சம்பந்தி என்று பதினாலு பேர் அதைத் திறந்து, இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் விட்டதையெல்லாம் எழுதி அனுப்பினார்கள். முகவரியில் அவர் பெயர் இருந்ததால் அத்தனையும் அவர் கணக்கில் ஏறின. மத்தியானம் இரண்டு மணிக்குள் அந்த மனிதர் ஒரு கண்ணாடி, மூன்று குடை, கிடார், பிரஷர் குக்கர், கல்யாணப் புடவை, ஒரு கூண்டுக் கிளி ஆகியவற்றைத் தொலைத்தவர் ஆகியிருந்தார்.

"கிளி இங்க இல்லையேம்மா" என்றாள் அக்கா கவலையோடு.

புதுசு தலையைப் பிய்த்துக்கொண்டாள். மணி மூன்றரை. யோசிக்க நேரமில்லை. எதையும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அனுப்பினால்தானே வம்பு, அனுப்பவே வேண்டாம் என்று முடிவு செய்தாள். மூன்று பக்கத்திலும் பெயரையும் விலாசத்தையும் மறுபடி மறுபடி கேட்கச் செய்துவிட்டு, மகளைக் கூட்டிவர ஓடினாள்.

ஜனங்கள் முதல் பக்கத்தில் பொறுமையாகப் பெயரை எழுதினார்கள். இரண்டாம் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்கள். மூன்றாம் பக்கத்தில் அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கவர் அடிக்கிற பிரிண்டரோ கடைசிப் பக்கத்தில் பெயர் என்று எழுதியதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுசு வந்த பஸ்ஸில் கண்டக்டர் கையில் கவர்க் கட்டோடு நின்று, "'அதே ஆள்தான்' யாருங்க? 'மேலே சொன்னவர்' இருக்காரா?" என்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். "'எத்தனை தடவைய்யா கேட்பீங்க', அஞ்சாம் நம்பர் வீடு. யாராவது இருக்கீங்களா?"

பின் சீட்டிலிருந்து ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

புதுசு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது. யார் பார்த்தாலும் கண்ணில் தூசி என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக, புதனிலிருந்து செய்த எல்லா வைத்தியத்தையும் தூக்கிப் போட்டாள். செவ்வாய்க்கிழமை செய்த டோக்கன் ஏற்பாடு மட்டும் மிஞ்சியது. அதை வரி வரியாகப் படித்தாள். ஒரு தப்பும் தெரியவில்லை. தப்பு தெரியாததுதான் பயமாக இருந்தது. முன்பெல்லாம் அவளுக்குத் தப்பு எங்கே இருந்தாலும் மூக்கில் வியர்க்கும். அது போய்விட்டது, அவ்வளவுதான் என்று தோன்றியது.

அக்கா தன் நாற்காலியில் போட்டிருந்த பஞ்சுத் திண்டை எடுத்துக்கொண்டுவந்து புதுசின் நாற்காலியில் போட்டாள். பதினெட்டு வருஷமாக அந்தத் திண்டை யாரும் தொட அவள் விட்டதில்லை. பிஸ்கட் பாக்கெட் ஒன்றையும் வைத்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அஞ்சு மணிக்குப் பிரிண்டர் ஓடும்போது நான் இருக்க முடியாது. நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க. கவரும் கடிதமும் எங்க மாறுதுன்னு தெரியணும்."

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறேம்மா" என்றாள் அக்கா. "நீ நிம்மதியாப் போயிட்டு வா."

"நாளைக்கு மேனேஜர் வந்தா என்னக்கா சொல்றது?"

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் கவுன்டரில் யாரோ மேஜையைத் தட்டி, தனக்கு எதற்குப் பால்புட்டி என்று கேட்டார். அக்கா போய்விட்டாள்.

சனிக்கிழமை விடிந்தது. மேனேஜர் பத்து மணிக்கு டேப்போடு வந்தார். வந்தவருக்குக் கவுன்டரை நெருங்கவே ஐந்து நிமிஷம் பிடித்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன கூட்டம்?"

"தொலைஞ்ச பொருளை வாங்க வந்தவங்க சார்" என்றாள் அக்கா.

மேனேஜர் உள்ளே வந்தார். போன மாதம் அவர் டேப்பை நுழைக்கவே இடமில்லாமல் இருந்த அலமாரிகளில் இப்போது பல தட்டுகள் காலி. குடைத் தட்டில் மூன்று குடைகள். ஊன்றுகோல் மூலையில் ஊன்றுகோலே இல்லை. அக்கா பதிவேட்டைத் திறந்து காட்டினாள். இந்த ஒரு வாரத்தில் மட்டும் நூற்று எழுபத்தோரு பேர் கையெழுத்துப் போட்டுப் பொருளை வாங்கிப் போயிருந்தார்கள்.

"போன வருஷம் முழுக்கப் பத்தொன்பது" என்றார் மேனேஜர், தனக்குள் சொல்லிக்கொள்வது மாதிரி. புதுசின் பக்கம் திரும்பினார். "உங்க ஃபார்ம் பண்ண வேலையாம்மா இது?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. புதுசுக்கு அது நன்றாகத் தெரியும். வீட்டில் கணவன் கூட, வாயை மூடிக்கொண்டு இரு என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தான்.

"சார், ஃபார்ம் தப்பா ஓடுது" என்றாள். "ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் பொருள் போகுது. அஞ்சு நாளா என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். இன்னும் சரியாகலை. இவங்க எல்லாரும் சண்டை போட வந்தவங்க."

மேனேஜருக்குப் புரியவில்லை. வரிசையின் முன்னால் நின்றவரைப் பார்த்தார். கறுப்புக் குடையும் கையுமாக நின்ற அவர், திங்கட்கிழமை வந்த அதே தலைமையாசிரியர்.

"அந்தம்மா சொல்றது உண்மைதாங்க" என்றார் அவர். "மூணு வருஷத்துக்கு முன்னாடி மஃப்ளர் ஒண்ணை விட்டுட்டேன். அப்பவே 'மஃப்ளர் இருக்கு, வந்து வாங்கிக்கோ'ன்னு முறையாக் கடிதம் வந்துச்சு. ஒரு மஃப்ளருக்காக யாரு ரெண்டு பஸ் மாறி வர்றது? இருக்கட்டும், பத்திரமாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில பாருங்க, கர்ப்பிணிகள் வெச்சுக்கிற தலையணை கிடைச்சிருக்குன்னு கடிதம். என் சம்சாரம் பல்செட்டையே இன்னும் மன்னிக்கலை. செருப்பைக் கூட மாட்டாம ஓடி வந்தேன்."

வரிசையில் நின்ற ஐம்பது பேரும் தலையை ஆட்டினார்கள். எல்லார் வீட்டிலும் அதே கதைதான் போலிருக்கிறது.

மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டார். "மீட்டிங் ஹாலுக்கு மாடியில இடம் பாத்துக்கறேன்" என்றார். கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் புதுசிடம் நீட்டினார். "நிரந்தரம். எப்படி ஓடினா என்ன, ஓடுதில்ல?"

அவர் போனபிறகு புதுசு அலமாரிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நிரந்தரக் காகிதத்தை மேஜையின் ஓரத்தில் வைத்தாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். 'ஐயா, தவறுதலாக நடந்த ஒன்றுக்காக இந்த வேலையை ஏற்றுக்கொள்ள மனம் ஒப்பவில்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் திறமை எனக்கு இப்போது…' அதற்கு மேல் எழுத்து கலங்கித் தெரிந்தது.

வரிசை முடிந்து அக்கா வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பின்னால் நின்று அந்தத் தாளைப் படித்தாள்.

"என்னம்மா இது?"

"எனக்கு இந்தத் தொழில் மறந்துபோச்சுக்கா. மூணே பக்கம். ஒரு பேரை முதல் பக்கத்துலேருந்து மூணாம் பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியலை. எனக்கு எதுக்கு நிரந்தரம்?"

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அந்தத் தாளை எடுத்து, இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். நிரந்தரக் காகிதத்தை எடுத்துப் புதுசின் கையில் வைத்து அழுத்தினாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரிசையில் இனி யாரும் இல்லையே என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"உன் ஃபார்ம் செவ்வாய்க்கிழமையே சரியாயிடுச்சும்மா, அன்னிலேருந்து தினமும் அஞ்சு மணிக்கு மேல உக்காந்து, கவருக்குள்ள கடிதத்தை மாத்தி மாத்திப் போட்டு ஒட்டினது நான்தான்."